மாட்டியவன் பெயர்

மைசூர் மண்டி மொஹல்லாவில் எங்கள் ஒர்க்‌ஷாப். ரேஸ் டிராக்கில் ஓடும் ஒரு காரின் பிரேக் சூடாகாமலிருக்க, முன் பம்பரிலிருந்து காற்றைக் கொண்டுபோகும் ஓஸ் குழாய்க்கு நான்தான் வரைபடம் போட்டேன். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான்.

“ஸ்டியரிங்க ஒடிச்சா டயர்ல உரசும் குரு,” என்றான் மெக்கானிக் முருகேஷ். எல்லோரையும் அவன் ‘குரு’ என்றுதான் கூப்பிடுவான்.

“நீ எந்தக் காலேஜ்ல படிச்ச? மாட்டுடா.”

மாட்டினான். டிராக்கின் திருப்பங்களில் உரசி உரசி ஓஸ் கிழிந்தது. சூடேறிய பிரேக் பிடிக்கவில்லை. கார் மோதி, ஓட்டியவருக்குக் கை முறிந்தது.

“யாரு மாட்டினது?” என்றார் முதலாளி.

“முருகேஷ்,” என்றேன்.

அன்றே அவனை வேலையை விட்டு நிறுத்தினார். ஸ்பானர்களைப் பையில் போட்டவன், “வரைபடத்தப் பத்திரமா வச்சுக்கோங்க, இன்ஜினியரே,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

நான் சொன்னது பொய்யில்லை. பொய்யாக இருந்திருந்தால் என்றைக்காவது மன்னிப்புக் கேட்டிருப்பேன்.