சோற்றுப் பருக்கையால் ஒட்டிய குகை

அந்தக் கதைப் புத்தகத்தை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மயிலாப்பூரில் எங்கள் தெருக்கோடி வாசகசாலையிலிருந்து நானே போய் எடுத்து வந்தது. இருட்டென்றால் நடுங்கும் ஒரு பையன், காணாமல்போன அப்பாவைத் தேடிப் பேய்க்குகைக்குள் தன்னந்தனியாக நுழைகிறான். அவன் குகைவாசலில் நிற்கும் இடம்வரை படித்திருந்தேன். அன்றைக்குப் பார்த்துத்தானா நான் பெரியவளாகித் தொலைக்க வேண்டும்!

"பொஸ்தகம் சரஸ்வதிடி. மூணு நாளைக்குத் தொடப்படாது, கீழே வை" என்று அம்மா என்னை ரேழி மூலையில் உட்கார வைத்தாள்.

குகைக்குள் என்ன இருந்தது? தெரியாமல் எனக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. என்னைவிட இரண்டு வயது சின்னவனான தம்பியைக் கெஞ்சி, எட்ட உட்கார்ந்து உரக்க வாசிக்கச் சொன்னேன். முதல் பக்கத்திலிருந்துதான் வாசிப்பேனென்று எழுத்துக்கூட்டிக் கழுத்தறுத்தான். மறுநாள் குகைவாசல் வந்ததும் சட்டென்று பக்கத்தைப் புரட்டி, "அப்பறம் அப்பாவை அழைச்சுண்டு ஊருக்கு வந்துட்டான்" என்றான்.

"நடுவுலே என்னடா?"

"ஒண்ணுமில்லேக்கா."

நாலாம் நாள் தலைக்குக் குளித்த கையோடு புத்தகத்தை எடுத்தேன். குகைப் பக்கங்கள் ஒட்டிக்கிடந்தன. எலும்புக்கூட்டுப் படத்துக்குப் பயந்து, பட்டம் ஒட்டுகிற மாதிரி சோற்றுப் பருக்கையைத் தேய்த்து ஒட்டியிருக்கிறான் தடியன்! கொண்டை ஊசியை விட்டு நெம்பினேன். பருக்கையோடு எழுத்தும் பெயர்ந்து வந்தது. 'அவன் மெல்ல' என்ற இரண்டு வார்த்தைதான் மிஞ்சியது.

வேறு பிரதி கேட்கலாமென்று வாசகசாலைக்குக் கிளம்பினேன். அம்மா வாசலை மறித்தாள். "பெரியவளாயாச்சு. இனிமே தெருவிலே தனியாப் போறதாவது! கொழந்தைகள் கதை வேறயா நோக்கு?"

பயத்தை விட்டு வளர்வதைப் பற்றிய கதை. நான் வளர்ந்துவிட்டதால் எனக்குக் கிடையாதாம். யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

அன்று விளக்கேற்றிய பிறகு தம்பி வந்து நின்றான். "அக்கா, கொல்லைக்குப் போகணும். தொணைக்கு வரியா?"

"போயேண்டி, கொழந்தை பயப்படறான்" என்றாள் அம்மா.

வாசலுக்குத்தான் போகக் கூடாது, இருட்டுக் கொல்லைக்குத் தாராளமாகப் போகலாம். அரிக்கேன் விளக்கைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தேன்.

"படத்தை விடு. எழுத்தையாவது படிச்சியோன்னோ? உள்ளே என்னடா இருந்தது?"

"தெரியாதுக்கா. கண்ணை மூடிண்டுதான் ஒட்டினேன்" என்று என் புதுத் தாவணித் தலைப்பை இறுகப் பிடித்துக்கொண்டான்.