அத்திம்பேரின் அடையாளம்

எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது, வலியசாலையில் எங்கள் வீட்டில் இங்கிலீஷ் தெரிந்த ஒரே ஆள் நான்தான். அப்பாவுக்குக் கோயில் மடைப்பள்ளியில் வேலை. மலையாளத்தில் மனு எழுதுவார்; இங்கிலீஷ் எழுத்தைக் கண்டால் தாளைத் தலைகீழாகக்கூடப் பிடிப்பார். அதனால்தான் அத்திம்பேரைத் தேடிப் பிடிக்கும் காரியத்தில் பாதி என் தலையில் விழுந்தது.

அத்திம்பேர் என்றால் அப்பாவின் தங்கையுடைய கணவர். சாலைக் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் துணி எடுத்துக் காட்டும் வேலை. ஐம்பது புடவையைப் பிரிக்கச் சொல்லிவிட்டு ஒன்றும் வாங்காமல் எழுந்து போகிறவர்களையும் சிரித்த முகத்தோடு வழியனுப்புவார் என்று பெயர். முதலாளியோடு ஏதோ மனஸ்தாபம். ஒரு நாள் காலையில் கடைக்கென்று கிளம்பியவர் கடைக்கும் போகவில்லை, கரமனையில் இருந்த வீட்டுக்கும் திரும்பவில்லை. பத்து நாள் பார்த்துவிட்டு அப்பா அத்தையை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்.

கணவனைக் காணாதவள் எப்படி இருப்பாள் என்று எனக்கு ஓர் எண்ணம் இருந்தது. அத்தை அப்படி இல்லை. முதல் வாரம் பகலெல்லாம் தூங்கினாள். அப்புறம் இரண்டு வேளையும் வயிறாரச் சாப்பிட்டாள். கஞ்சி கொட்டிவிட்டதாகச் சொன்ன மணிக்கட்டுப் புண் ஆறியது. ஒரு நாள் கிணற்றடியில் துணி தோய்த்துக்கொண்டே பாடினாள். அத்தை பாடுவாள் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. துக்கம் முற்றினால் சிலருக்குப் புத்தி இப்படிப் போகும் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். நானும் நம்பினேன்.

அப்போது மதராஸில் ரயில்வே உத்தியோகத்தில் இருந்த பெரியப்பாவிடமிருந்து கடிதம் வந்தது. அத்திம்பேர் மாதிரி ஒருவரை அங்கே பார்த்ததாக யாரோ சொன்னார்களாம். பெரியப்பா அவரைக் கல்யாணத்தில் ஒரு தடவை பார்த்ததோடு சரி. ஆள் எப்படி இருப்பார், குணம் எப்படி என்று எழுதி அனுப்பினால் தேடிப் பார்ப்பதாகவும், தேவைப்பட்டால் போலீசில் கொடுப்பதாகவும் எழுதியிருந்தார். தமிழில் எழுதினாலே போதும்தான். ஆனால் பெண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறார் என்று தெருவில் கேலி கேட்டுக்கொண்டிருந்த அப்பா, இங்கிலீஷிலேயே அனுப்புவது என்று தீர்மானித்துவிட்டார். அத்தையிடம் கேட்டு எழுது, அவளுக்குத்தானே நன்றாகத் தெரியும் என்று சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போனார்.

கூடத்தில் பென்சிலும் தாளுமாக உட்கார்ந்தேன். அத்தை எதிரே அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சமையலறை வாசலில் அம்மா.

அத்திம்பேர் குட்டையா, நெட்டையா என்று முறைப்படி ஆரம்பித்தேன்.

"நெட்டையாக்கும். நல்ல நெட்டைன்னு எழுது, கேட்டியா?"

எனக்குப் பென்சில் ஓடவில்லை. அத்திம்பேர் அப்பாவின் தோளுக்குத்தான் வருவார். நிறம் கேட்டேன். சிவப்பு என்றாள். அவர் நல்ல கறுப்பு. தலைமுடி நிறைய என்றாள். அவருக்கு உச்சியில் வழுக்கை. இடது புருவத்தை இரண்டாக வெட்டிக்கொண்டு ஒரு தழும்பு உண்டே என்று நானே எடுத்துக் கொடுத்தேன்.

"தழும்பெல்லாம் ஒண்ணும் கிடையாது" என்றாள், அரிசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அம்மாவைப் பார்த்தேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்ற அம்மா, அடுப்பைப் பார்ப்பதுபோல உள்ளே போய்விட்டாள்.

குணம் எப்படி என்று கேட்டேன். அத்தையின் கை முறத்தில் அப்படியே நின்றது.

"வெளியிலே ரொம்ப நல்லவர். அதுக்கு இங்கிலீஷ் உண்டோ?"

வெளியில் என்றால் தெருவிலா, கடையிலா என்று எனக்கு விளங்கவில்லை. கேட்டதற்கு, ஒன்றும் வேண்டாம், விட்டுவிடு என்றாள்.

அன்று முழுவதும் குழம்பினேன். எங்கள் வகுப்பில் குடும்பத்தில் ஒருவரை வர்ணிக்கச் சொன்னால் எல்லோருடைய அப்பாவும் மாமாவும் டால், ஃபேர் என்றுதான் வருவார்கள். டீச்சர் முதலில் எழுதிக் காட்டிய வாக்கியம் அப்படி. அத்தையும் இங்கிலீஷில் அப்படித்தான் எழுத வேண்டும் என்று நினைத்துவிட்டாளோ? அல்லது அழுது அழுது அவருடைய முகமே மறந்துபோயிற்றோ? ஆனால் அத்தை அழுது நான் பார்க்கவில்லையே. கடைசியில், பாவம், புத்தி பேதலித்தவள் சொன்னதை நாம்தான் திருத்த வேண்டும் என்று முடிவு செய்தேன். மசியில் நகல் எடுக்கும்போது ஷார்ட் என்று போட்டேன், டார்க் என்று போட்டேன், வழுக்கையையும் தழும்பையும் போட்டேன். குணத்துக்கு, துணி வாங்க வருகிறவர்களிடம் மிகவும் அன்பானவர், கோபமே வராதவர் என்று இரண்டு வரி சேர்த்தேன். அப்பா தாளைப் பெருமையோடு மடித்துத் தபாலில் போட்டார்.

மூன்றே வாரம். பெரியப்பா அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஜவுளிக்கடை ஜவுளிக்கடையாக ஏறி இறங்கினாராம். கோபமே வராத புது ஆள் யாராவது உண்டா என்று விசாரித்ததில் நாலாவது கடையில் கைகாட்டினார்களாம். புருவத்துத் தழும்பைப் பார்த்து நிச்சயம் செய்துகொண்டு, புத்தி சொல்லி ரயிலேற்றிவிட்டார்.

அப்பா தம்பானூர் ஸ்டேஷனிலிருந்து அவரை நேரே எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தார். என் பெண்ணின் இங்கிலீஷ்தான் கொண்டுவந்து சேர்த்தது என்று தெரு முழுக்கச் சொன்னார். அத்திம்பேர் என் தலையைத் தடவிக்கொடுத்து, மதராஸிலிருந்து கொண்டுவந்த நீலப் பாவாடைத் துணி ஒன்றைக் கொடுத்தார். அவர் குரல் எப்போதும்போல மெதுவாக இருந்தது.

அத்தை அறையில் புடவைகளை மடித்து மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், நெட்டை என்று எழுதச் சொன்னேனே, எழுதவில்லையா என்று கேட்டாள்.

"நீங்க தப்புத்தப்பா சொன்னேள் அத்தை. நான்தான் எல்லாத்தையும் சரியாத் திருத்தினேன்" என்றேன். மெச்சுவாள் என்று காத்து நின்றேன்.

மூட்டையின் முடிச்சை இறுக்கிவிட்டு என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை, அதுமட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. பிறகு என் கன்னத்தைத் தொட்டு, "நன்னாத்தான் படிக்கறே" என்று சொல்லிவிட்டு மூட்டையை எடுத்துக்கொண்டாள்.

அவர்கள் போனபின் அம்மா அந்த நீலத் துணியை என் கையிலிருந்து வாங்கிப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டாள். தீபாவளிக்குத் தைத்துத் தரும்படி கேட்டேன். அளவு போதாது என்றாள். அம்மா இல்லாதபோது எடுத்துப் பிரித்துப் பார்த்தேன். தாராளமாக எனக்கு இரண்டு பாவாடைக்குக் காணும். அம்மா ஏன் பொய் சொல்ல வேண்டும் என்று யோசித்தபடியே, அதைப் பழையபடி மடித்து வைத்தேன்.