ஆறாவது வரிசை, வலது ஜன்னல்

குருபரப்பள்ளியைத் தாண்டும்போது முதுகில் இருந்த வெயில் தலைக்கு ஏறிவிட்டது. தோளில் ஒரு பை. அதில் ஒரு கைலி, ஒரு சட்டை, ஒரு போர்வை. ஓசூர் பக்கம் நடந்துகொண்டிருந்தேன்.

கிரானைட் அறுக்கும் பட்டறையிலிருந்து என்னை யாரும் விரட்டவில்லை. அறுக்கிற இயந்திரத்தின் மேல் எந்நேரமும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கும். அந்த வெள்ளைச் சேற்றில் நின்று நின்று என் கால்விரல் இடுக்குகள் வெந்து போயிருந்தன. அதற்காகவும் நான் கிளம்பவில்லை. ஒரு இடத்தில் மூன்று நான்கு மாதம் ஆனால் அங்கிருக்கிற நாய் என்னைப் பார்த்துக் குரைப்பதை நிறுத்திவிடும். எனக்கு அதுதான் கணக்கு. அன்று காலை பட்டறை நாய் வந்து என் காலருகே படுத்துக்கொண்டது. டீயைக் குடித்து முடித்துப் பையை எடுத்துக்கொண்டேன். எட்டாம் வகுப்புப் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டு வந்ததும் கிட்டத்தட்ட இப்படித்தான்.

நாலு வழிச் சாலை போட்டு முடித்த புதிது. நிழலுக்கென்று இருந்த புளியமரங்களை எல்லாம் வெட்டியிருந்தார்கள். லாரிகள் போகும்போது சத்தம், போனபிறகு ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாத நேரத்தில் என் செருப்புச் சத்தம் எனக்குப் பின்னால் வருவதுபோல் கேட்கும்.

சாலை ஓரத்தில் ஒரு வெள்ளைக் கார் நின்றிருந்தது. பின்சக்கரம் தரையோடு தரையாக இருந்தது. பட்டுக்கரை வேட்டி கட்டிய ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் செல்போனில் பேசிக்கொண்டே என்னைக் கைகாட்டி நிறுத்தினார்.

"தம்பி, டயர் மாத்தத் தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்ங்க."

சூளகிரியில் ஒரு லாரிப் பட்டறையில் கொஞ்ச நாள் இருந்திருக்கிறேன். டிக்கியிலிருந்து ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் எனக்குப் பக்கத்திலேயே நின்று, டிக்கெட் போடுகிற பெண்ணோடு போனில் சண்டையைத் தொடர்ந்தார். கொஞ்சம் இங்கிலீஷ், கொஞ்சம் திருநெல்வேலித் தமிழ். நட்டுகளைக் கழற்றுவதற்குள் விஷயம் எனக்குப் புரிந்துவிட்டது. அவர் வாரம் தவறாமல் விமானத்தில் போகிறவர். அப்படிப்பட்டவர்களுக்கு விமானக் கம்பெனி ஒரு தங்க அட்டை கொடுத்திருக்கிறது. அந்த அட்டை இருந்தால் வேண்டிய சீட்டைக் காசு இல்லாமல் எடுத்துக்கொள்ளலாம். இப்போது சட்டத்தை மாற்றிவிட்டார்கள். முன்பக்கத்து ஜன்னல் சீட் வேண்டுமென்றால் அட்டை வைத்திருக்கிறவரும் தனியாகக் காசு கட்ட வேண்டும். கட்டாதவருக்கு அவர்கள் கொடுப்பதுதான் சீட்.

"நான் கேக்கது ஒரு ஜன்னல்மா," என்றார் அவர். "விமானத்தையா கேட்டேன்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. வானத்தில் போகிற மனிதனும் டவுன் பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிறவனைப்போலத்தான் ஜன்னலுக்கு அடித்துக்கொள்கிறான் என்று நினைத்தேன். பணக்காரர்களின் கஞ்சத்தனம் எனக்குப் பழகியதுதான். ஆனால் கடைசியில் அவர் குரல் தாழ்ந்துவிட்டது. சரி, கட்டுகிறேன், ஆறாவது வரிசை, வலதுபக்க ஜன்னல், நாளைக் காலை, வேறு எதுவும் வேண்டாம் என்று பிச்சை கேட்பவர்போலச் சொன்னார். அதைக் கேட்டதும் என் சிரிப்பு நின்றுவிட்டது.

ஓசூர் வரை ஏற்றிக்கொண்டார். கிருஷ்ணகிரியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வருகிறாராம். பின்சீட்டில் தாம்பூலப் பை ஒவ்வொரு வளைவிலும் தேங்காயோடு உருண்டுகொண்டிருந்தது. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் அவருக்குப் பெரிய வேலை. திங்கட்கிழமை தோறும் காலை விமானத்தில் பெங்களூரிலிருந்து தெற்கே இன்னொரு கிளைக்குப் போக வேண்டும். எனக்கு எந்த ஊர், என்ன வேலை, அடுத்து எங்கே போவேன் என்று கேட்டார். ஊர் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை, நாளை எங்கே என்று தெரியாது என்றேன். அந்தப் பதில் அவருக்குப் பிடித்திருந்தது. பிறகு சாலையைப் பார்த்தபடியே சொல்ல ஆரம்பித்தார்.

கெலமங்கலம் போகிற வழியில் அவருக்கு ஒரு வீடு இருந்தது. தனி வீடு, சுற்றிலும் காடுகழனி. விமானம் அந்த வீட்டுக்குச் சற்றுக் கிழக்கே பறந்து போகும். அதனால் வலதுபக்க ஜன்னலில், இறக்கை மறைக்காத வரிசையில் உட்கார்ந்தால் வீடு தெரியும். ஒரு திங்கட்கிழமை அவர் மனைவி மொட்டை மாடியில் எவர்சில்வர் தாம்பாளத்தைக் கழுவிக் காயவைக்கும்போது அது வெயிலில் மின்னியது விமானத்தில் இருந்த இவர் கண்ணில் பட்டிருக்கிறது. இறங்கியதும் போனில் சொன்னார். அந்த அம்மா சிரித்திருக்கிறார். அடுத்த வாரத்திலிருந்து வேண்டுமென்றே செய்தார். தாம்பாளத்தை இரண்டு தடவை ஆட்டுவார். கொஞ்சம் நிறுத்தி இன்னொரு தடவை. இரண்டு, பிறகு ஒன்று. அந்தச் சீட்டை அவர் விடாமல் எடுத்து வந்தது அதற்காகத்தான்.

போன ஆவணியில் அந்த அம்மா காய்ச்சலில் இறந்துபோனார். பாத்திரம் பண்டங்களைச் சொந்தக்காரர்கள் எடுத்துப் போனார்கள். இவர் வீட்டைப் பூட்டிவிட்டுக் கம்பெனிக் குடியிருப்புக்குப் போய்விட்டார்.

"காரியம் முடிஞ்ச மறு திங்கக்கெழம, பழக்கதோசத்துல கீழ பாக்கேன்," என்றார். "மின்னுது. ரெண்டு. அப்புறம் ஒண்ணு."

கார் ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் யாராவது தகரக் கொட்டகை போட்டிருப்பார்கள் சார், அதுவாக இருக்கும் என்றேன். கொட்டகைக்கு எண்ணத் தெரியுமா என்று கேட்டார்.

வாராவாரம் அப்படியே தெரிந்திருக்கிறது. அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் போய் மாடியில் நின்று பார்த்தார். வெறும் தரை, துணி காயப்போடுகிற கொடி, வேறு ஒன்றும் கிடையாது. பிறகுதான் விமானக் கம்பெனி சட்டத்தை மாற்றியது. இத்தனை வருஷ மெம்பரிடமே காசு கேட்கிறானே என்று இவருக்கு வீம்பு. காசு கட்டாமல் நாலைந்து வாரம் இடதுபக்கத்து நடுச் சீட்டில் போனார்.

"அவ அங்கன நின்னுகிட்டு இருந்திருப்பாளோன்னு இருக்கு," என்றார். "நான் ஜன்னலுக்கு மல்லுக்கட்டிக்கிட்டு, வேற பக்கம் பாத்துக்கிட்டுப் போயிருக்கேன்."

அவருக்கு வேண்டியது இதுதான். நாளைக் காலை அவர் அந்தச் சீட்டில் இருக்கும்போது ஒரு ஆள் அந்த மாடியில் இருக்க வேண்டும். எதையும் ஆட்டக் கூடாது, கத்தக் கூடாது. பார்த்துவிட்டுச் சொன்னால் போதும். தொழிற்சாலையில் யாரிடமாவது கேட்டால் மறுநாளே கேன்டீன் முழுக்கப் பேச்சாகிவிடும். ஊரை விட்டுப் போகிற ஆளாகத் தேடிக்கொண்டிருந்தார்.

"பொய் மட்டும் சொல்லிராத," என்றார். "ஒருத்தரும் இல்லன்னா இல்லன்னு சொல்லு. எடத்தக் கேட்டு ஒரு ஆள் அட்வான்ஸோட நிக்கான். வித்துட்டு, இந்த ஜன்னலயும் விட்டுருதேன்."

"இருந்தாங்கன்னா?"

அவர் கியரை மாற்றினார். ஒரு காலைதானே என்று நானும் ஒத்துக்கொண்டேன். ஓசூரில் எனக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தார்.

வீட்டை அடைந்தபோது சாயங்காலம். நான் சொன்ன தகரக் கொட்டகை அங்கே இருக்கத்தான் செய்தது. இரும்புத் தூண்களும் விட்டங்களும் மட்டும் நின்றன. தகரங்கள் இன்னும் மேலே ஏறவில்லை. தரையில் அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். அதைப் பார்த்தபோது அவர் சொன்னதை அதுவரை நான் முழுதாக நம்பியிருக்கவில்லை என்பதும், இனி நம்பாமல் இருப்பதற்கும் என்னிடம் காரணம் ஒன்றும் இல்லை என்பதும் தெரிந்தது. கொட்டகையில் கட்டாமல் கிடந்த செவலை நாய் என்னைப் பார்த்துத் தொண்டை கிழியக் குரைத்தது. அது எனக்கு ஆறுதலாக இருந்தது.

அவர் கேட்டோடு நின்றுகொண்டார். சாவியையும் தன்னுடைய பழைய செல்போன் ஒன்றையும் கொடுத்தார். விமானம் இறங்கியதும் கூப்பிடுவதாகச் சொன்னார். கார் திரும்பிப் போகும்போது, இவ்வளவு நேரமும் வீட்டை அவர் ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

கூடத்தில் போர்வையை விரித்துப் படுத்தேன். சுடுகாட்டுக் கொட்டகையில்கூடத் தூங்கியிருக்கிறேன். எனக்கு அதெல்லாம் பெரிதில்லை. தூங்கிவிட்டேன்.

விடியும்போது பனி இறங்கியிருந்தது. அந்தப் பக்கத்துப் பனி வெளுத்த துணி மாதிரி, கையை நீட்டினால் கை தெரியாது. மாடிப்படி ஏறினேன். தரை முழுக்க ஈரம். வெந்துபோன என் கால்விரல்களில் குளிர் ஊசி மாதிரி ஏறியது. கொடிக்கயிறு முகத்தில் பட்டது. அதில் இரண்டு மூன்று மரக் கிளிப்புகள் அப்படியே இருந்தன. கைகளால் தடவிக்கொண்டே கிழக்குக் கைப்பிடிச் சுவருக்குப் போனேன். அங்கே காலில் ஏதோ இடித்தது. இரண்டு செங்கல்கள், பக்கம் பக்கமாக, ஒருவர் ஏறி நிற்கிற மாதிரி இருந்தன. ஈரத் தரையைவிட மேல் என்று ஏறி நின்றுகொண்டேன்.

செங்கல் காய்ந்திருந்தது. காய்ந்திருந்தது மட்டுமல்ல, வெதுவெதுப்பாக இருந்தது. யாரோ உட்கார்ந்து எழுந்த பெஞ்சில் உட்காருவதுபோல. செங்கல் பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொள்ளும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். செங்கல் சூளையிலும் வேலை பார்த்தவன் நான். ஒரு ராத்திரிப் பனியில் கிடந்த செங்கல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

கீழே நாய் நடமாடும் சத்தம் கேட்டது. பனி சற்றே விலகியபோது அது சுவரடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. குரைக்கவில்லை. வாலை ஆட்டியது. நான் வந்து ஒரு ராத்திரிதான் ஆகியிருந்தது.

விமானத்தின் சத்தம் அவர் சொன்ன நேரத்தைவிடத் தாமதமாகத்தான் வந்தது. வடக்கே முனகலாக ஆரம்பித்து, தலைக்குக் கிழக்கே பெரிதாகி, தெற்கே போய்த் தேய்ந்தது. நான் அந்த நேரம் முழுக்கக் கண்ணை இமைக்காமல் மாடியையும் சுவரையும் கொடியையும் மாறி மாறிப் பார்த்தேன். யாரும் வரவில்லை. எதுவும் அசையவில்லை. சூரியன் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியவில்லை. எல்லாம் வெள்ளை.

நல்லது, இல்லை என்று சொல்லிவிட்டு மத்தியானத்துக்குள் தேன்கனிக்கோட்டை பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்று கீழே வந்து படியில் உட்கார்ந்தேன். போன் அடித்தது.

"பாத்தேன்," என்றார் அவர். நான் எடுத்ததும் எடுக்காததுமாக. "கீழ தரையே தெரியல, தம்பி. அவ்வளவும் பஞ்சு மாதிரி. அதுக்குள்ள இருந்து வந்துச்சு. ரெண்டு, அப்புறம் ஒண்ணு."

பொய் சொல்லக் கூடாது என்று சொல்லியிருந்தார். அதனால் உள்ளதைச் சொன்னேன். இங்கே வெயிலே இல்லை, பனி, யாரும் வரவில்லை, சத்தம் தேய்கிற வரைக்கும் நான் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

அந்தப் பக்கம் விமான நிலையத்தின் அறிவிப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

"நீ எங்க நின்னே?"

"கிழக்குச் சுவருகிட்டங்க. செங்கல் மேல."

"என்ன செங்கல்?"

சொன்னேன். இரண்டு செங்கல், பக்கம் பக்கமாக, சுவரை ஒட்டி. லைன் அறுந்துவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

"போன வாரம்கூட வந்து பாத்தேனே, வெறுந் தரைதான கெடந்துச்சு," என்றார். பிறகு, "அவ குள்ளம். அந்தச் சுவர் அவளுக்கு நெஞ்சு மட்டும் வரும்."

அதற்குமேல் அவர் பேசியதெல்லாம் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டவரின் பேச்சாக இருந்தது. இடம் கேட்டவனிடம் இல்லை என்று சொல்லிவிடப் போகிறார். டிக்கெட் போடுகிற பெண்ணிடம் இனி அந்த ஜன்னலுக்கு வாராவாரம் காசு கட்டியே எடுக்கச் சொல்லப் போகிறார், அட்டையைப் பற்றிப் பேச்சே எடுக்க வேண்டாம். வீட்டுக்கு ஒரு ஆள் வேண்டும். கேட்டைத் திறந்து மூட, செடிக்குத் தண்ணீர் விட, மாடியைக் கூட்ட.

"இரியேன், தம்பி," என்றார். "அதுமேல மட்டும் ஏறாத."

எந்த இடத்திலும் யாரும் என்னை இருக்கச் சொன்னதில்லை, வேலை செய் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். பஸ்ஸை நினைத்தேன். நாயை நினைத்தேன். என் கணக்குப்படி அந்த நிமிஷமே நான் கிளம்பியிருக்க வேண்டும்.

"சரிங்க, இருக்கறேன்," என்றேன்.

கதவுக்குப் பின்னால் ஒரு தென்னந்துடைப்பம் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு திரும்ப மாடிக்குப் போனேன். அதற்குள் பனி கலைந்து வெயில் வந்துவிட்டது. தரை காய்ந்து காலுக்கு இதமாகச் சுட்டது. குனிந்து செங்கலைத் தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது.

ஒரு மூலையிலிருந்து கூட்ட ஆரம்பித்தேன். செங்கல் இருந்த இடம் வந்ததும் அதைச் சுற்றிக் கூட்டினேன்.