கைகாட்டி ரவுண்டானாவின் அகலம்

“இத்தனூண்டு ரவுண்டானாவுக்கு ஒரு புள்ளி வெச்சாப் போதாதா? அத அளந்து வேற எழுதணுமாக்கும்?”

அவன் என்னிடம் முதன்முதலாகப் பேசியதே இதுதான். அரியலூரில் வீட்டு பிளான் போடும் ஓர் ஆபீஸில் இருவரும் வேலைக்குச் சேர்ந்த புதிது. சாப்பாட்டு நேரத்தில் நான் போனை வைத்துக்கொண்டு, யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய வரைபடத்தில் எங்கள் பக்கத்துச் சாலைகளைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

விளக்கிச் சொன்னேன். நடுவில் வெறும் மேடு என்றால் புள்ளி போதும், லாரி ஏறிப் போய்விடும். கல் கட்டி விளக்குக் கம்பம் நட்டிருந்தால் வட்டமாக வரைய வேண்டும், அகலமும் எழுத வேண்டும். சுண்ணாம்புக்கல் ஏற்றி வருகிற டாரஸ் லாரிக்காரர் புள்ளியை நம்பி வந்து திரும்ப முடியாமல் நின்றால், பின்னால் வரும் பள்ளிக்கூட பஸ்ஸும் சேர்ந்து நிற்கும். அவன் சாப்பாட்டை மறந்து கேட்டான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை டேப்போடு வந்து நின்றான்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். என் அப்பாவும் அம்மாவும் பிறர் வயலில் நாற்று நட்டவர்கள். பெரம்பலூரில் சிவில் படித்து முடித்த அன்று எங்கள் தெருவே என்னைப் பார்க்க வந்தது. அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. தெரிந்ததை இன்னொருவனுக்குச் சொல்லிக் கொடுப்பது பிடித்திருந்தது. பிறகு அவனையும் பிடித்துப்போனது. அவனுடையது உடையார்பாளையம் பக்கம் நிலபுலன் உள்ள குடும்பம். அறுவடை முடிந்ததும் வீட்டில் என்னைப் பற்றிச் சொல்வதாகச் சொல்லியிருந்தான். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் நான் இருந்தேன்.

நடுவில் கம்பம் இருப்பதால் ரவுண்டானாவைக் குறுக்கே அளக்க முடியாது. விளிம்புக் கல்லில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, ஒருவர் அங்கே டேப்பின் நுனியைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் சுற்றி வருவார். சுற்றளவிலிருந்து அகலத்தைக் கணக்குப் போடுவோம். பெரும்பாலும் அவன் நுனியைப் பிடிப்பான், நான் சுற்றி வருவேன்.

எங்கே போனாலும் கடைக்காரர்கள் ஓடி வருவார்கள். டேப்பும் சாக்பீஸும் கண்டால் ரோட்டை அகலப்படுத்த ஆள் வந்துவிட்டதாகத்தான் எங்கள் பக்கத்தில் நினைப்பார்கள். பெரம்பலூரில் ஒரு பூக்காரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். “மேடம், எங்கூட்டுக்காரருக்கு ஒடம்பு சரியில்லீங்க. இந்தக் கடைய மட்டும் வுட்டுருங்க. அந்த ஜூஸ் கடைய வேணா இடிச்சுக்குங்க.”

ஜூஸ் கடைக்காரர் அங்கிருந்தே கத்தினார். “ஏன், ஒன் பந்தல் பாதி ரோட்டுல கெடக்கே, அத மொதல்ல எடு!”

வரைபடத்துக்காக என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அந்தச் சிரிப்பெல்லாம் திருமானூர் சாலையில் ஒரு கைகாட்டியில் முடிந்தது. மூன்று சாலை கூடும் இடம். அங்கே புதிதாகச் சின்ன ரவுண்டானா கட்டியிருந்தார்கள். சாக்பீஸ் கோடு போட்டுவிட்டு நான் பாதி சுற்றியிருப்பேன். “யாருய்யா அது, யாரக் கேட்டு அளக்குறீங்க?” என்று உரக்கடையிலிருந்து ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். கிட்டே வந்ததும் முகம் மாறியது.

“அடே, நம்ம தம்பி! நீயாடா?”

அவனுடைய சித்தப்பா. அவருக்கு அங்கே கடை இருப்பது அவனுக்கே தெரியாது. கடையை வாடகைக்கு எடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லையாம்.

“ஆபீஸ் வேலை சித்தப்பா.”

“கடைக்கி ஒண்ணும் ஆவாதுல்ல?”

“அதெல்லாம் ஆவாது.”

அவர் என்னைப் பார்த்தார். “இது யாரு?”

அவன் என்னைப் பார்க்கவில்லை. “டேப்பு புடிக்க வந்திருக்கு சித்தப்பா.”

நுனி அவன் கையில் இருந்தது. நான் வெயிலில் டேப்பின் பெட்டியோடு நின்றேன். அவர் கடைக்குள்ளிருந்து ஒரு நாற்காலியை எடுத்து அவனுக்குப் போட்டார். “நீ அத சுத்தி வெச்சுட்டு பஸ்ஸுக்குப் போம்மா. தம்பி நம்ம வண்டில வந்துரும்.”

அவன் உட்கார்ந்தான். நான் டேப்பைச் சுற்றினேன். வழக்கமாகச் சுற்றும்போது மறுமுனையை ஒருவர் மெல்லத் தளர்த்தித் தருவார். அன்று அது தார் ரோட்டில் தானாக இழுபட்டுக்கொண்டு என்னிடம் வந்தது.

பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. கீழப்பழுவூர் வரை எனக்கு எதுவும் தெரியவில்லை. பக்கத்திலிருந்த அம்மா, “தூசி வுழுந்துருச்சா பாப்பா?” என்று கேட்டபோதுதான் அழுதுகொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது. ஆமாம் என்றேன்.

சாயங்காலம் அவன் போன் பண்ணினான். “சித்தப்பா முன்னாடி வேற என்னதான் சொல்லச் சொல்ற?”

“எம்பேரச் சொல்லியிருக்கலாம்.”

“பேரச் சொன்னா ஊரக் கேப்பாரு. ஊரச் சொன்னா தெருவக் கேப்பாரு.”

“கேக்கட்டுமே.”

அந்த முனையில் ஒரு டிராக்டர் ஸ்டார்ட் ஆகி, தூரமாகப் போகும் வரை கேட்டுக்கொண்டிருந்தேன். “கொஞ்சம் பொறு” என்றான் கடைசியில். எவ்வளவு காலம் என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் மறப்பது சுலபம். இப்போதும் ஆபீஸில் அவன் குரல் கேட்டால் என் கை வேலையை நிறுத்திவிடுகிறது.

வெளியே அளந்ததையெல்லாம் அவன் போனிலிருந்து, அவன் கணக்கில்தான் ஏற்றியிருந்தோம். வரைபடத்தில் ஒரு ரவுண்டானாவைத் தொட்டால் அளந்து பதிந்தவர் பெயர் வரும். பார்த்தேன். எல்லாவற்றிலும் அவன் பெயர். நான் எங்கும் இல்லை.

“பெரம்பலூர்ல பாக்கி இருக்குறத ஞாயித்துக்கிழமை முடிச்சுருவமா?” என்று அவன் நேற்று செய்தி அனுப்பினான். நான் அதைப் பார்க்கும்போது திருமானூர் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். கைகாட்டியில் டேப்பின் நுனியைச் செங்கல்லால் அழுத்தி வைத்துவிட்டு, நான் ஒருத்தியாகச் சுற்றி வந்து அளந்திருந்தேன். சித்தப்பா கடை வாசலில் நின்று, “தம்பி வரலியா?” என்றார். “இது என் வேலைங்க” என்றேன். எந்த ஊர் என்று கேட்டார். ஊரைச் சொன்னேன். தெருவையும் நானே சொன்னேன். அவர் உள்ளே போய்விட்டார்.

அகலம் மூன்றரை மீட்டர், நடுவில் விளக்குக் கம்பம், லாரி ஏற முடியாது. புனைபெயரில் வைத்திருந்த பழைய கணக்கை விட்டுவிட்டு, என் பெயரிலேயே புதிதாக ஒரு கணக்குத் தொடங்கி, பஸ் வருவதற்குள் ஏற்றிவிட்டேன்.