டென்சில் பொருத்திய டிரம்

என் தம்பி டென்சிலுக்கு அவன் வாய்தான் எதிரி என்று எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. சுத்தப் பொய். அவன் வாயைத் திறந்தால்தானே? அவனுக்கு எதிரியாக வந்தது என் வீட்டுக்காரரின் வாய். ராய்ஸ் மாட்டுச் சந்தையில் ஏலம் விடுகிறவர். மைக் இல்லாமல் அவர் விலை கூவினாலே கடைசிக் கொட்டகையில் நிற்கும் கன்றுக்குட்டி மிரளும். அப்படிப்பட்ட வாய் ஒருவனைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால், இந்த மிசூரி மலைப்பக்கத்தில் அது எத்தனை வீட்டுக்குப் போய்ச் சேரும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

டென்சில் பிழைப்புக்குத் துணி துவைக்கும் மெஷின் பழுது பார்க்கிறான். பழைய வெள்ளை வேன், பின்னால் பெல்ட்டும் குழாயும், முன் சீட்டில் ஒரு பீகிள் நாய். கல்யாணம் ஒன்று செய்தான், நிலைக்கவில்லை. அதைப் பற்றி அவன் பேசமாட்டான், நானும் கேட்கமாட்டேன். அவன் உயிர் இருப்பது எங்கள் துப்பாக்கிக் கிளப்பில். கல் எடுத்து முடித்துக் கைவிட்ட குவாரிதான் எங்கள் கிளப். மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை அங்கே போட்டி நடக்கும். ஓடிக்கொண்டே இரும்புத் தட்டுகளைச் சுட்டுச் சாய்க்க வேண்டும், கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். நடுவில் நின்று ஒவ்வொரு தோட்டாவாகத் திணித்துக்கொண்டிருந்தால் தோற்றுப்போக வேண்டியதுதான். அதனால் ஷாட்கன்னின் வயிற்றில் டிரம் மாட்டுகிறார்கள். கேக் டப்பா அளவுக்கு உருண்டையான தோட்டாப் பெட்டி அது. விசையை இழுக்க இழுக்கத் தோட்டா தானாக மேலே ஏறி வரும்.

வரும் என்று டப்பாவில் அச்சடித்திருப்பான். துப்பாக்கி செய்தவன் ஒருத்தன், டிரம் செய்தவன் வேறொருத்தன். தபாலில் வருகிற டிரம் எதுவும் எடுத்த எடுப்பில் ஒழுங்காக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. தளர்ச்சியாக இருந்தால் தோட்டா மூக்கைக் குத்திக்கொண்டு நின்றுவிடும். இறுக்கமாக இருந்தால், வெடித்த வேகத்தில் பின்னால் போய் வந்து அடுத்த தோட்டாவைக் குழலுக்குள் தள்ளும் போல்ட்டின் அடியில் உரசி அதன் வேகத்தைத் தின்றுவிடும். இதைச் சரிப்படுத்துவதில் டென்சிலை மிஞ்ச ஆள் கிடையாது. டிரம்மின் பின்கொக்கியில் கறுப்பு மார்க்கரால் மை பூசுவான். மாட்டுவான், கழற்றுவான். மை எங்கே உரிந்திருக்கிறதோ அங்கே மட்டும் அரத்தால் இரண்டு இழுப்பு. மறுபடியும் மை. பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறவனுக்குப் பைத்தியம் பிடிக்கும். பொருத்தி முடித்ததும் முதலில் வெற்றுத் தோட்டா, பிறகு நிஜத் தோட்டா இரண்டு, பிறகு ஐந்து, கடைசியில்தான் டிரம் நிறைய. அதையும் தானே சுட்டுப் பார்ப்பான், சொந்தக்காரனைத் தொட விடமாட்டான். துப்பாக்கி நடுவில் நின்றால் அவசரப்பட்டு போல்ட்டை இழுக்காதே, கழற்று, பார், அப்புறம் சுடு என்று எல்லோருக்கும் பாடம் எடுப்பான். அவன் அதிகம் பேசுவது அப்போது மட்டும்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் வட்டாரப் போட்டி எங்கள் குவாரியில் நடந்தது. ராய்ஸ் முன்னணியில் இருந்தார். கடைசி ஓட்டத்தில் அவர் துப்பாக்கி பொக்கென்று நின்றுவிட்டது. போல்ட் பாதிதான் பின்னால் போயிருந்தது. டிரம் இறுக்கம் என்று சுற்றி நின்றவர்கள் எல்லாம் ஒரே முடிவாகச் சொன்னார்கள். அந்த டிரம்மைப் பொருத்திக் கொடுத்தவன் டென்சில். ராய்ஸ் தொப்பியைத் தரையில் அடித்துவிட்டு, "என் மச்சான் அரத்த வச்சு டிரம்ம ராவல, என் கோப்பையத்தான் ராவிட்டான்" என்றார். ஏலக்காரர் குரல். குவாரி முழுக்கச் சிரித்தது.

டென்சில் வாயில் இருந்த பல்குச்சியை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றிக்கொண்டு வேனில் ஏறினான். அதன் பிறகு அவனிடம் டிரம் கொண்டு வருகிறவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். கொஞ்ச நாளில் ஒருவரும் இல்லை. கிளப்புக்கு வந்து தட்டுகளுக்குப் பெயின்ட் அடிப்பான், புல் வெட்டுவான், போவான். 

அன்றிலிருந்து மச்சானும் மச்சானும் பேச்சு வார்த்தை கிடையாது. வருஷா வருஷம் வான்கோழி வைக்கும் தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு இரண்டு பேரும் என் வீட்டு மேசையில்தான் உட்காருவார்கள், நடுவில் தபால்காரி நான். உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல் உன் தம்பியை என்பார் இவர். உன் வீட்டுக்காரருக்குக் கை விளங்கவில்லையா என்று கேள் என்பான் அவன். இதோ தருகிறானாம் என்று நான் மாற்றிச் சொல்லி உப்பைத் தள்ளுவேன். இப்படியே இரண்டு வான்கோழி தீர்ந்தது.

இந்த அக்டோபரில் ராய்ஸின் பழைய டிரம் கீழே விழுந்து விரிசல் விட்டது. புதிதாக ஒன்று வரவழைத்தார். அது துப்பாக்கியில் பூட்டிக்கொள்ளவே இல்லை. கொட்டகைக்குள் உட்கார்ந்து அவரே இரண்டு நாள் மல்லுக்கட்டினார். தட்டுகிற சத்தமும் திட்டுகிற சத்தமும் சமையலறை வரை கேட்டது. போட்டிக்கு ஒரு வாரம்தான் இருந்தது. இதைச் சரி செய்ய ஊரில் ஒரே ஆள்தான் என்று நான் சொன்னேன். கேட்காத மாதிரி எழுந்து வெளியே போனார். ஆனால் மறுநாள் காலையில் என் கார் டிக்கியில் துப்பாக்கிப் பெட்டியும் டிரம்மும், காசு மிச்சம் பிடிக்கக் காலித் தோட்டாவில் மருந்தும் ரவையும் அடைத்து அவர் கையால் நிரப்பிய தோட்டாப் பெட்டியும் இருந்தன. யாருடையது என்று சொல்லாதே என்று மட்டும் சொன்னார். என்னவோ டென்சிலுக்கு அந்தத் துப்பாக்கியை அடையாளம் தெரியாது என்கிற மாதிரி.

டென்சில் பெட்டியைத் திறந்தான், பார்த்தான், பல்குச்சியை மாற்றினான்.

"யாருது அக்கா இது?"

"ஒரு தெரிஞ்சவரோடது."

"அந்தத் தெரிஞ்சவரு சுத்தியலால தட்டியிருக்காரு போல."

திருப்பிக் கொடுத்துவிடுவான் என்றுதான் நினைத்தேன். கொடுக்கவில்லை. இரும்புப் பிடியான வைஸில் மாட்டினான். உனக்கு என்னடா வந்தது, அவர் பேசின பேச்சுக்கு இதை ஏன் செய்கிறாய் என்று கேட்டேன். நிமிராமலே சொன்னான்: "இது நிக்காம ஓடணும்க்கா. ஓடிட்டா போதும்."

 இரண்டு வருஷமாக அவனுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அவன் பொருத்திய டிரம் சிக்காது என்று நாலு பேர் பார்க்க வேண்டும். அதிலும் அந்த ஒரு ஆள் பார்க்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து நானும் அவனும் குவாரிக்குப் போனோம். ராய்ஸ் வரமாட்டேன் என்றார். நாங்கள் மேசை போட்டு முடிப்பதற்குள் மேட்டில், வண்டிகள் நிறுத்தும் இடத்தில், அவருடைய டிரக் வந்து நின்றது. இறங்கவில்லை, கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார். டென்சில் ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். அவன் கழுத்து விறைத்தது. காதுக்குள் பஞ்சடைப்பான் வைத்து அதற்கு மேல் மூடியும் போட்டுக்கொண்டான். நான் என் ஓட்டைக் காதுமூடியைப் போட்டுக்கொண்டேன்.

வெற்றுத் தோட்டா வெண்ணெய் மாதிரி ஏறி இறங்கியது. இரண்டு சுட்டான், ஐந்து சுட்டான், சுகம். டிரம்மை நிறைத்துச் சுட்டான். ஒரே ஓட்டம், ஒரு திக்கல் இல்லை. அந்த டிரம்மை எடுத்து முத்தம் கொடுக்கலாம் போல இருந்தது எனக்கு. இன்னொரு தரம் நிறைத்தான். அத்தோடு விட்டிருக்கலாம். இல்லை, அந்த ஆள் பார்க்கிறாரே.

நடுவில் துப்பாக்கி நின்றது. போல்ட் பாதியில். அன்று போட்டியில் நின்ற அதே மாதிரி.

டென்சில் முகம் சிவந்துவிட்டது. ஊருக்கே பாடம் எடுத்தவன் கழற்றவில்லை, பார்க்கவில்லை. கையால் போல்ட்டை வெடுக்கென்று இழுத்துவிட்டுச் சுட்டான். நல்லபடியாகப் போயிற்று. டிரம்தான் எங்கோ உரசுகிறது, இந்த ஓட்டம் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று நினைத்தானாம், பிறகு சொன்னான். மேலே டிரக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ராய்ஸ் இறங்கி நின்றார். சிரிக்கத்தான் இறங்கினார் என்று நான் பல்லைக் கடித்தேன்.

இன்னும் சில தோட்டாக்கள் போயின. மறுபடியும் நின்றது. டென்சில் மறுபடியும் இழுத்தான். காலித் தோட்டா கீழே விழுந்தது, அடுத்தது மேலே ஏறியது. துப்பாக்கி தோளுக்குப் போனது.

"நிறுத்து!"

மேட்டிலிருந்து ராய்ஸ் போட்ட சத்தம் அது. எங்கள் குவாரியில் அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் தனிச் சட்டம். யார் கத்தினாலும், பச்சைப் பிள்ளையோ பரம விரோதியோ, ஏன் என்று கேட்கக் கூடாது. விரல் விசையை விட்டு வர வேண்டும், துப்பாக்கி மேசைக்குப் போக வேண்டும். காதில் விழுந்தவர்கள் விழாதவர்களுக்குக் கத்திச் சொல்ல வேண்டும். டென்சிலுக்கு அத்தனை அடைப்புக்குள் ஒன்றும் விழவில்லை. எனக்கு விழுந்தது. இரண்டு வருஷமாக என் வீட்டுக்காரர் சொன்னது எதையும் நான் அப்படியே தம்பியிடம் சொன்னதில்லை. அன்று ஒரு எழுத்து மாற்றவில்லை. அவன் காதோரம் போய், நிறுத்துடா என்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

விரல் வெளியே வந்தது. துப்பாக்கி மேசைக்கு வந்தது.

ராய்ஸ் அந்தச் சரளைச் சரிவில் தொப்பை குலுங்க ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்துப் பல வருஷம் ஆகிறது. என்னைப் பார்க்கவே இல்லை. மூச்சு வாங்க, நேரே டென்சிலிடம் பேசினார்.

"குழலப் பாரு. கடைசி வெடி வெடிக்கல. புஸ்ஸுன்னுதான் போச்சு. ஒண்ணும் வெளிய வரல."

டென்சில் டிரம்மைக் கழற்றினான். ஏறியிருந்த தோட்டாவை எடுத்தான். குழலின் வாய் வழியாக நீளக் கம்பியை விட்டான். கம்பி பாதியில் டொக்கென்று நின்றது.

எங்கள் ஆட்களுக்கு அந்தச் சத்தம் போதும். மருந்து போதாத தோட்டா. போல்ட் பாதியில் நின்றதும் அதனால்தான். தக்கையும் ரவையும் வெளியே போக வலுவில்லாமல் குழலுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டன. அதற்குப் பின்னால் அடுத்த தோட்டா வெடித்திருந்தால் குழல் கிழிந்திருக்கும். அந்த இடத்தைத்தான் டென்சிலின் இடது கை பிடித்திருந்தது. அதற்கு மேலேதான் அவன் முகம்.  நான் சரளையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கடவுளே, கடவுளே என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

டென்சில் தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "டிரம்முதான் உரசுதுன்னு நெனச்சேன்" என்று மெதுவாகச் சொன்னான். ராய்ஸ் தன் கையால் நிரப்பிய தோட்டாப் பெட்டியை எடுத்து, மிச்சம் இருந்தவற்றைக் கத்தியால் ஒவ்வொன்றாக அறுத்து மேசையில் கொட்டினார். ஒன்றில் மருந்து சரியாக இருந்தது, அடுத்ததிலும் சரி. அதற்கு அடுத்ததில் பாதி. இன்னொன்றில் ஒரு சிட்டிகை. அவருடைய தோட்டா நிரப்பும் மெஷினில் மருந்து இறங்கும் வழி எங்கோ அடைத்து அடைத்து விட்டுக்கொண்டிருக்கிறது. அவர் நிமிரவில்லை. பெட்டி காலியாகும் வரை அறுத்தார்.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். என் தம்பி முகம் போயிருக்கும், உன்னால், உன் கஞ்சத்தனத்தால், கடையில் தோட்டா வாங்கினால் சொத்து கரைந்துவிடுமா என்று பிடிபிடியென்று பிடித்தேன்.  "அந்தப் போட்டிக்கும் இதே மெஷின்ல போட்ட தோட்டாதான் வெல்டா" என்றார். என் பேரைச் சொன்னாரே தவிர, பார்த்தது டென்சிலைத்தான்.

டென்சில் அரத்தைத் துணியில் துடைத்து உறையில் போட்டான். "வேன்ல கடைத் தோட்டா இருக்கு. எடுத்துட்டு வா" என்றான். ராய்ஸ் போய் எடுத்து வந்தார். தக்கையைத் தட்டி எடுத்து, குழலை விளக்கடித்து உள்ளும் புறமும் பார்த்து, டிரம்மை நிறைத்துச் சுட்டான். மறுபடியும் நிறைத்துச் சுட்டான். மழை மாதிரி போயிற்று. இரண்டு பேரும் அன்றைக்கு என் வீட்டில்தான் சாப்பிட்டார்கள், பீன்ஸும் சோளரொட்டியும்.  நான் அடிக்கடி எழுந்து போய் என் தம்பி தலையைத் தடவிவிட்டு வந்தேன். விடு அக்கா, முடி கலையுது என்றான். அவனுக்கு எங்கே முடி இருக்கிறது.

சனிக்கிழமை போட்டி. தொடங்குமுன் எல்லோரும் வட்டமாக நிற்க வேண்டும். கிளப் தலைவர் ஹார்லன் விதிகளைப் படிப்பார். படித்து முடித்து, யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்பார். ஒருவரும் எதுவும் சொன்னது கிடையாது. அன்று ராய்ஸ் தொப்பியைக் கழற்றிக்கொண்டு முன்னால் போனார். அந்த ஏலக்காரர் குரல் எங்கே போனதோ, தரையைப் பார்த்து முணுமுணுத்தார். அன்றைக்கு என் துப்பாக்கி நின்றது டென்சிலின் டிரம்மால் இல்லை, நான் நிரப்பிய தோட்டாவால், தப்பாகப் பேசிவிட்டேன் என்று முன்வரிசைக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

பின்னால் வேனில் சாய்ந்து நின்றிருந்த டென்சில் பல்குச்சியை வாயிலிருந்து எடுத்தான்.

"சத்தமா சொல்லு ராய்ஸ். இங்க ஒண்ணும் கேக்கல."

கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. ராய்ஸ் அவனைப் பார்த்தார். பிறகு நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, சந்தையில் கடைசிக் கொட்டகைக்குக் கேட்கிற அந்தக் குரலில், முதலிலிருந்து திரும்பவும் சொன்னார். நான் ஓவென்று அழுதேன். யார் பார்த்தால் எனக்கென்ன.