நான்கு வீட்டு வைன்

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் இந்தத் தீவில் எங்கள் ஆட்களுக்கு வேறு வேலை கிடையாது. ஜங்லிகாட்டில் கிளம்பி லம்பா லைன், டாலிகஞ்ச் என்று வீடு வீடாகப் போய், அவரவர் போட்ட வைனைக் குடித்துப் பார்த்துவிட்டுக் கடற்கரைச் சாலை வழியாகத் திரும்புவோம். மெயின்லாண்டிலிருந்து கப்பலில் வரும் கறுப்புத் திராட்சையைச் சர்க்கரையும் கோதுமையும் சேர்த்து ஜாடியில் கட்டி, தினம் கிளறி, மூன்று வாரம் கழித்து வடிப்பது. யார் வீட்டு வைன் புளித்தது என்ற பேச்சு ஈஸ்டர் வரை ஓடும். இதை எங்களில் யாரும் குடியாக நினைப்பதில்லை. கேக், முறுக்கு மாதிரி இதுவும் ஒரு பலகாரம்.

போன வருடம் அந்தச் சுற்றை நினைத்தாலே எனக்குப் பயமாக இருந்தது. என் கணவர் குடியை விட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. அதற்கு முன் எங்கள் வீட்டில் நெளியாத பாத்திரம் கிடையாது. சொந்தக்காரர்கள் யாருக்கும் அது தெரியாது. தெரியவிடாமல் சமாளித்ததில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

அவர் வரவில்லை என்றார், காய்ச்சல் என்று சொல்லிவிடச் சொன்னார். எனக்கு மானம்தான் பெரிதாகத் தெரிந்தது.

"கிளாஸ வாங்கி சும்மா உதட்டுல வைங்க. மீதிய நான் பாத்துக்கிறேன்," என்றேன்.

மூன்று வீடுகளில் அப்படியே நடந்தது. யாரும் பார்க்காத நேரத்தில் அவர் கிளாஸை நான் காலி செய்தேன். மூன்றாவது வீட்டில் எனக்கே தலை லேசாகி, வாய் ஓயவில்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

நான்காவது டாலிகஞ்சில், அவருடைய அக்கா வீடு. மதினி ஜாடியைக் காட்ட என்னை அடுப்படிக்கு இழுத்துப் போனார். திரும்பி வந்தபோது என் கணவர் கிளாஸ் காலி.

"தேக்கோ, பாருங்க, தம்பிக்கு என் வைன் பிடிச்சுப்போச்சு," என்று மதினி மறுபடி ஊற்றினார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இருவருமே ஓட்டும் நிலையில் இல்லை. ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே கடலோரமாக நடந்தோம். டூரிஸ்டுகள் இறங்கி இறங்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கடல் கண்ணில் படவில்லை.

"உதட்டுல வச்சா அங்கேயே நிக்குமா?" என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

அன்று தொடங்கிய குடி மழைக்காலம் வரை நிற்கவில்லை. பிறகு குடிக்காத நாட்களை மறுபடி முதல் நாளிலிருந்து எண்ண ஆரம்பித்தார். இந்த நவம்பரில் நான்கு மாதம் முடிந்திருந்தபோது மதினி போன் செய்து, ஜாடி கட்டியாச்சா என்று கேட்டார். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இந்தத் தடவை நல்ல திராட்சை வரவில்லை என்று வந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கை நீட்டிப் போனை வாங்கினார்.

"அக்கா, நான் குடிகாரன். ஒரு சொட்டு உள்ள போனா எனக்கு நிறுத்தத் தெரியாது. நீங்க போடுங்க. நாங்க வரமாட்டோம்."

எனக்கு வெட்கமாக இருந்தது. இந்த முறை அவரை நினைத்து அல்ல.