கயிற்றேணியில் நாலு முடிச்சு

நகரியில் என் அக்கா வீட்டுக்குப் போனால், டீவி இருக்க வேண்டிய இடத்தில் கப்பல்கள்தான் இருக்கும். நாலு மரக்கப்பல்கள், நாலும் அக்கா புருஷன், என் மாமா உமாபதி கட்டியவை. மெரினாவில் இரண்டு தடவை கடலைப் பார்த்ததோடு சரி, அவர் கப்பலில் கால் வைத்த மனிதர் இல்லை. முப்பத்தைந்து வருஷம் பவர்லூம் ஷெட்டில் தறி மேஸ்திரியாக இருந்தார். வாசலில் நின்று சத்தத்தைக் கேட்டே, எந்தத் தறியில் எது தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். மிகையாகச் சொல்லவில்லை. அவரைப் புகழ்ந்து பேசுகிற வழக்கமே எனக்குக் கிடையாது.

மாதிரிக் கப்பல் துண்டு துண்டாகப் பெட்டியில் வரும். மெல்லிய மரப்பட்டைகள், நூல்கண்டுகள், பித்தளைச் சாமான்கள், பாய் விரித்தது போல ஒரு வரைபடம். பட்டையை வளைக்க ஆவியில் வேகவைக்க வேண்டும். அதற்கு அக்காவின் இட்லிக் குண்டான்தான். "இன்னிக்கு இட்லியா, கப்பலா?" என்று கேட்டுவிட்டுத்தான் அக்கா தேவசேனா அடுப்பைப் பற்றவைப்பாள். குண்டானைத் தரலாம், ஆனால் கப்பலில் மட்டும் அவள் கை படக்கூடாது. அது மாமா போட்ட சட்டம். கட்டி முடித்ததும் கூடவே வரும் பித்தளைத் தகட்டைத் திருப்பதிக்கு எடுத்துப் போவார். குடத்துக்கும் தட்டுக்கும் பேர் வெட்டுகிற பாத்திரக்கடையில் 'கே. உமாபதி' என்று வெட்டி வாங்கி, கப்பலின் கீழே பதிப்பார்.

ஐந்தாவது கப்பலுக்கு மூன்று பாய்மரம். அதை நட்டுக்கொண்டிருந்தபோதுதான் வலது கை நடுங்க ஆரம்பித்தது. வேலூரில் நரம்பு டாக்டர் பார்த்தார். மாத்திரையால் அடக்கி வைக்கலாம், முழுசாகப் போகாது என்றார். ஷெட் முதலாளி நாராயணசாமி வீட்டுக்கே வந்து, பழம் கொடுத்து, ரெஸ்ட் எடுக்கச் சொல்லிவிட்டுப் போனார். ஓடுகிற தறிக்குள் நடுங்கும் கையை விட்டால் விரல் மிஞ்சாது. அது மாமாவுக்கும் தெரியும். ஆனாலும் அந்தப் பழத்தை அவர் தொடவில்லை.

ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். மேஸ்திரியின் கை மட்டும் சும்மா இருக்குமா? நான் சித்தூரில் மாம்பழக்கூழ் கம்பெனியில் வேலை செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நகரிக்கு வந்து போவேன். ஒரு ஞாயிறு என்னை பஸ் ஏற்றிவிட வந்த மாமா சொன்னார்.

"சந்திரா, அந்தக் கப்பல்ல கயிற்றேணி கட்டணும். அறுநூறு முடிச்சுக்கு மேல கீது. அத்த என் கையால கட்டி முடிச்சிட்டேன்னா, கை நின்னுடுச்சுன்னு அர்த்தம். மறுபடியும் தறிக்குப் போய்டுவேன். உங்க அக்கா கிட்ட சொல்லாத, பயந்துக்குவா."

பாய்மரத்தின் மேல் ஆள் ஏறுவதற்கான ஏணி அது. குறுக்குக் கயிறு நெடுங்கயிற்றோடு சேரும் இடத்திலெல்லாம் ஒரு முடிச்சு, ஒவ்வொன்றும் கடுகளவு. நல்ல கைக்கே சோதனை. நான் அக்காவிடம் சொல்லவில்லை.

அடுத்த வாரம் போனபோது ஏணி ஒரு விரல்கடை உயரம் ஏறியிருந்தது. அதற்கடுத்த வாரம் ஒரு சாண். சீப்புப் பல் மாதிரி வரிசை, அடியில் முதல் நாலைத் தவிர ஒரு முடிச்சுகூடக் கோணல் இல்லை. மாமாவுக்கே ஆச்சரியம்.

"சாயங்காலம் கட்டி முடிச்சுப் பாத்தா எல்லாம் கோணலா தெரியுது. காலைல டீ குடிச்சிட்டு வந்து பாத்தா நேரா கீது. கண்ணுதான் சரியில்ல போல." புத்தூர் போய்ப் புதுக் கண்ணாடியே வாங்கி வந்துவிட்டார். கை சரியாகிவிட்டது, கண்தான் குறை என்று அந்த மனிதர் அவ்வளவு சந்தோஷமாக நம்பினார்.

நான் ஒரு முந்திரிக்கொட்டை. இரண்டு பாய்மரத்தின் ஏணி முடிந்ததைப் பார்த்ததற்கு அடுத்த ஞாயிறு, வீட்டுக்குப் போகும் முன்பே ஷெட்டுக்குப் போய் முதலாளியிடம் மாமாவின் கை குணமாகிவிட்டது, நானே என் கண்ணால் பார்த்தேன் என்று சொன்னேன். "சரே சரே, சோமவாரம் வரச் சொல்லு. நாலு தறி நின்னுக்கினு கீது, அவரு வந்தாதான் ஆவும்" என்றார். அந்தச் செய்தியைப் பெரிய சாதனை போல வீட்டில் வந்து சொன்னேன். மாமா எழுந்து போய் மாட்டியிருந்த பழைய காக்கிச் சட்டையை எடுத்து உதறினார். அக்கா என் கையைப் பிடித்துச் சமையல்கட்டுக்கு இழுத்தாள்.

"அந்த முடிச்செல்லாம் நான் போட்டதுடா."

அக்காவும் அதே ஷெட்டில் இருந்தவள்தான். பாவு பிணைக்கும் வேலை. தறியில் நெடுக்காக ஓடும் பாவு நூல் தீரும்போது, பழைய நூல் முனையோடு புது நூல் முனையை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். வழுக்காமலிருக்க விரலில் சாம்பல் தொட்டுக்கொண்டு ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் சேர்ப்பாள். மாமா காலையில் டீக்கடைக்குப் போகும் ஒரு மணி நேரத்தில், அவர் முந்தின நாள் போட்டதை அவிழ்த்துக் கட்டி, சாம்பலை ஊதிவிட்டு எழுந்துவிடுவாளாம்.

"ஏன்க்கா இப்பிடிப் பண்ண?"

"மொத நாளு நாலு முடிச்சு போட்டுட்டு, கப்பலு மேல தலைய வெச்சிக்கினு அழுதாருடா. முப்பத்தஞ்சு வருசத்துல அவரு அழுது நான் பாத்ததில்ல. தறிக்குப் போவணும்னு வெச்சிருக்காருன்னு எனக்குத் தெரியாதே."

தெரிந்தவன் நான். நான் வாயை மூடவேண்டிய இடத்தில் திறந்தேன், திறக்கவேண்டிய இடத்தில் மூடிக்கொண்டேன். முதலாளி மனசு மாறிவிட்டார் என்று சொல்லிச் சமாளிக்கலாம் என்றேன்.

"இன்னொரு பொய்யா? அப்பால அவரு வேற ஷெட்டுக்குப் போவாரு."

அடுப்படியிலிருந்து விரலில் சாம்பல் தொட்டுக்கொண்டு நேராகக் கூடத்துக்குப் போனாள். கப்பலின் முன்னால் உட்கார்ந்தாள். மாமா "ஏய், கை வெக்காத" என்றார். அவள் அன்றைக்கு அவர் போட்டிருந்த தொளதொள முடிச்சு ஒன்றை அவிழ்த்தாள். இரண்டு விரலால் ஒரு முறுக்கு, ஒரு இழுப்பு. சீப்புப் பல் வரிசையில் இன்னொரு பல். பிறகு ஊதினாள்.

மாமாவின் கையில் காக்கிச் சட்டை ஆடிக்கொண்டே இருந்தது.

"எத்தினி?" என்றார்.

"கீழ் வரிசைல நாலு உங்களுது. அதுல நான் கை வெக்கல. மிச்சம் எல்லாம் நான்."

அவர் குனிந்து, புதுக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, அந்த நாலையும் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். திட்டுவார் என்று நான் பயந்தேன். திட்டியிருந்தால் தேவலை. சட்டையை மடித்து அக்கா மடியில் வைத்துவிட்டு, "மூணாவது மரம் கீது. கட்டு. நான் பாத்துக்கினு இருக்கேன்" என்று பக்கத்தில் உட்கார்ந்தார். திங்கட்கிழமை ஷெட்டுக்குப் போய் அவர் வரமாட்டார் என்று சொன்னது நான்தான்.

கப்பல் தைமாசம் முடிந்தது. பித்தளைத் தகட்டோடு அவரைத் திருப்பதிக்கு அழைத்துப் போனேன். பாத்திரக்கடைக்காரர் பேரை எழுதச் சொல்லிச் சீட்டும் பேனாவும் நீட்டினார். மாமா பேனாவைச் சீட்டில் வைத்தார். ஒரு கோடு கிறுக்கலாக ஓடியது. பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாயால் சொன்னார்.

"தேவசேனா."

அக்காவை அவர் பேர் சொல்லி நான் கேட்டதே இல்லை. வீட்டில் 'ஏய்', 'இந்தா' தவிர வேறில்லை.

மிஷின் கரகரவென்று வெட்டியது. கடைக்காரர் தூளை ஊதிவிட்டுக் கேட்டார். "கீழ எடம் கீது சார். உங்க பேரையும் போட்டுடவா?"

"நாலு முடிச்சுக்குப் பேரு எதுக்குப்பா" என்று சொல்லி, மாமா தகட்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.